புத்தகம் சொன்னது 860... கருவி காட்டியது 745!

நவம்பர் மாத சனிக்கிழமை காலை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம். அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் சோள வயல்களுக்கு நடுவே ஒரு துப்பாக்கி சுடும் மைதானம். காதில் கவசமும் கண்ணில் தடித்த கண்ணாடியுமாக 61 வயது மனிதர் ஒருவர் மேஜை முன் உட்கார்ந்திருக்கிறார். மணல் மூட்டையின் மேல் அவர் கைகள். கைகளில் பழைய ரிவால்வர். 12 அடி தள்ளி, முக்காலியின் மேல் ஒரு சிறிய பெட்டி.

வெடிச் சத்தம் அடங்கியதும், பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த மகள் பெட்டியின் திரையைப் பார்த்துப் படிக்கிறாள்.

"738."

அவர் திரும்பிப் பார்க்கிறார். "சரியாப் பாரும்மா. 838-ஆ இருக்கும்."

"இல்லப்பா. 738-தான்."

அடுத்தது 751. அதற்கடுத்தது 729. பத்து தோட்டாக்கள் தீர்ந்தபோது கூட்டி வகுத்துப் பார்த்தார்கள். சராசரி, விநாடிக்கு 745 அடி. ஆனால், அவர் சட்டைப் பையில் இருந்த அப்பாவின் நோட்டில், இதே தோட்டாவுக்கு நேராக நீல மையில் எழுதியிருந்த எண் 860.

"அப்போ தாத்தா பொய்யா எழுதினார்?" என்று கேட்டாள் மகள். விளையாட்டாகத்தான் கேட்டாள். அவருக்குத்தான் அது விளையாட்டாகத் தெரியவில்லை.

செருப்பு டப்பாவில் வந்த சொத்து

அவர் ஒரு தொழிற்சாலையில் 35 வருடங்கள் லேத் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் அப்பாவும் லேத் தொழிலாளிதான். போன குளிர்காலத்தில் அப்பா இறந்த பிறகு, அம்மா ஒரு செருப்பு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ரிவால்வர், ஒரு சின்னத் தராசு, ஓரம் மடங்கிப்போன ஒரு நோட்டு.

நம் வீடுகளில் மிளகாய்த்தூளைக் கடையில் வாங்குபவர்களும் உண்டு, பார்த்துப் பார்த்து வீட்டிலேயே அரைப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பழக்கம் உள்ளவர்களிலும் இப்படி இரண்டு வகை. கடையில் தோட்டா வாங்குபவர்கள் ஒரு வகை. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைச் சேகரித்து, வீட்டுப் பட்டறையில் மறுபடி நிரப்பிக்கொள்பவர்கள் இன்னொரு வகை. அந்த நாட்டுச் சட்டம் சொந்த உபயோகத்துக்கு அதை அனுமதிக்கிறது. (நம் ஊரில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.)

ஒரு தோட்டாவில் இருப்பது நான்கே பொருள்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறியை உண்டாக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, மேலே ஈயக்குண்டு. எவ்வளவு மருந்து போடவேண்டும் என்பதைக் குண்டு தயாரிப்பாளர்களும் மருந்து தயாரிப்பாளர்களும் சோதனைச்சாலையில் சுட்டுப் பார்த்து, புத்தகமாகவே வெளியிடுகிறார்கள். எந்தக் குண்டு, எந்த மருந்து, ஆரம்ப அளவு எவ்வளவு, அதிகபட்ச அளவு எவ்வளவு, கிடைக்கும் வேகம் எவ்வளவு என்று கட்டம் கட்டமாக இருக்கும்.

மருந்தை எடை போடுவது கிரெயின் கணக்கில். 7,000 கிரெயின் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். அந்தக் காலத்துப் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்த குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. அப்பாவின் ரிவால்வருக்கான .38 ஸ்பெஷல் தோட்டாவில் குண்டின் எடை 158 கிரெயின், அதாவது 10 கிராமுக்குக் கொஞ்சம் மேல். அதைத் தள்ளும் மருந்தோ சில கிரெயின்கள்தான். ஒரு சிட்டிகை.

அந்தச் சிட்டிகையை நிறுப்பதில் அப்பா மகா கறார். ஐம்பது கூடுகளை மரப்பலகையின் துளைகளில் வரிசையாக நிறுத்தி, மருந்து போட்டு முடித்ததும் டார்ச் அடித்து ஒவ்வொன்றாக உள்ளே எட்டிப் பார்ப்பார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் அவரிடம் பேசக் கூடாது. சாப்பிடக் கூப்பிட்டாலும் பதில் வராது. இந்த மனிதர்தான் 745-ஐ 860 என்று எழுதி வைத்தாரா?

2.7 மில்லி விநாடி

முக்காலியில் இருந்த பெட்டிக்கு குரோனோகிராஃப் என்று பெயர். அதில் இரண்டு அடி இடைவெளியில் இரண்டு ஒளி உணரிகள். குண்டின் நிழல் முதல் உணரியின் மேல் விழுந்ததும் உள்ளே இருக்கும் கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவதன் மேல் விழுந்ததும் நின்றுவிடும். விநாடிக்கு 745 அடி வேகத்தில் போகும் குண்டு அந்த இரண்டு அடியைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 2.7 மில்லி விநாடி. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். பள்ளிக்கூடக் கணக்குதான்.

கருவியே தப்பாகக் காட்டுகிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டார். லேத் தொழிலாளிக்கு அளவுகோல் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும். உணரிகளின் இடைவெளியை அளந்து பார்த்தார். 24 அங்குலத்தில் 8-ல் ஒரு பங்கு அங்குலம் தவறியிருந்தால்கூட, வேகத்தில் வரும் பிழை சுமார் 4 அடிதான். இங்கே விழுந்திருப்பதோ 115 அடி. மேகம் மூடினாலும் வெயில் சாய்ந்தாலும் உணரி ஏமாறலாம் என்பதால், பக்கத்து மேஜைக்காரரின் டாப்ளர் ராடார் கருவியை இரவல் வாங்கியும் சுட்டார். அதிலும் ஏறக்குறைய அதே எண்.

கருவியில் கோளாறு இல்லை. பத்து தோட்டாக்களில் மிக வேகமானது 760, மிக மெதுவானது 729. வித்தியாசம் 31 அடிதான். வீட்டில் தயாரித்த தோட்டாவுக்கு அது நல்ல ஒழுங்கு. அப்படியென்றால் அப்பா சொல்லித் தந்த கைப்பக்குவத்திலும் குறையில்லை. பிறகு எங்கே போனது அந்த 115 அடி?

அரை கிரெயின் ஆசை

அன்று ராத்திரி பட்டறையில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் தராசு, மருந்து டப்பா, அப்பாவின் நோட்டு.

இந்த இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. எண் குறைகிறது, அதனால் மருந்தைக் கொஞ்சம் கூட்டுவோம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவருக்கும் தோன்றியது. அரை கிரெயின்தானே? குன்றிமணியில் கால் பங்கு. அதைச் சேர்த்தால் அப்பா எழுதிய எண் வந்துவிடும். அவர் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிடும்.

கரண்டியைக் கையில் எடுத்தவர், கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அவர் ஏற்கெனவே போட்டிருந்தது புத்தகத்தின் அதிகபட்ச அளவுக்குப் பக்கத்தில்.

துப்பாக்கிக்குள் நடப்பது பிரஷர் குக்கர் விவகாரம். மருந்தைக் கூட்டினால் வேகம் கூடும். ஆனால் அழுத்தம் அதே விகிதத்தில் கூடாது, அதைவிட வேகமாக ஏறும். .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்கத் தோட்டா தயாரிப்பாளர்களின் அமைப்பு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. நம் கார் டயரில் அடிக்கும் காற்று 32 பவுண்டு. ஐந்நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். குரோனோகிராஃப் காட்டுவது வேகத்தை மட்டும்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் எங்கே நிற்கிறது என்று அது சொல்லாது. எல்லை தாண்டியது தெரிய வரும்போது, சிலிண்டர் பிளந்திருக்கும். விரலோ கண்ணோ போயிருக்கும்.

அடுத்த வாரம் அந்த ரிவால்வரைச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று மகள் கேட்டிருந்தாள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். மருந்து டப்பாவை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

கடலூரில் முடிந்த ஒரு கதை

ஏட்டில் இருப்பதை நம்பாமல் குண்டின் வேகத்தை அளந்து பார்த்த முதல் ஆட்களில் ஒருவர், 1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் பிறந்த பெஞ்சமின் ராபின்ஸ். போரே கூடாது என்று சொல்லும் குவேக்கர் குடும்பத்தில் பிறந்து, பீரங்கிக் கணிதத்தில் மூழ்கியவர்.

கருவிகளே இல்லாத காலத்தில், கண்ணுக்குத் தெரியாத குண்டின் வேகத்தை எப்படி அளப்பது? ராபின்ஸ் கனமான மரக்கட்டையை ஊஞ்சல்போலத் தொங்கவிட்டார். அதன்மேல் சுட்டார். குண்டு கட்டைக்குள் பாய்ந்ததும் ஊஞ்சல் பின்னால் போகும். எவ்வளவு தூரம் போனது என்பதைக் கட்டையில் கட்டிய நாடா காட்டும். கட்டையின் எடை, குண்டின் எடை, ஊஞ்சல் ஆடிய தூரம் ஆகியவற்றை வைத்து, குண்டு வந்து மோதிய வேகத்தைக் கணக்கிட்டார். கல்லூரி இயற்பியலில் இன்றும் வரும் 'பாலிஸ்டிக் பெண்டுலம்' அதுதான். 1742-ல் அவர் அதைப் புத்தகமாகவே வெளியிட்டார். மூன்று வருடங்கள் கழித்து, மாபெரும் கணித மேதை ஆய்லர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கவுரையும் எழுதினார்.

அந்த ஊஞ்சல் ஒரு பெரிய நம்பிக்கையை உடைத்தது. குண்டு பரவளையப் பாதையில் போகிறது, காற்றின் தடையைப் பெரிதாகக் கண்டுகொள்ள வேண்டியதில்லை என்றுதான் அதுவரையிலான ஏடுகள் பேசின. ராபின்ஸ் ஊஞ்சலைப் பக்கத்தில் வைத்தும் தள்ளி வைத்தும் சுட்டுப் பார்த்தார். வேகமாகப் போகும் குண்டின் மேல் காற்று தரும் தடை, குண்டின் எடையைப்போல நூறு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. புத்தகத்துக் கணக்கு காற்றில்லாத உலகத்துக்கானது. குண்டு பறந்ததோ காற்றுக்குள்.

இந்த ராபின்ஸ் நம் மண்ணுக்கும் வந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைப் பலப்படுத்த அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750-ல் வந்து இறங்கினார். அடுத்த வருடமே, 1751 ஜூலையில், கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையில் இறந்துபோனார். அப்போது அவருக்கு 44 வயது.

அந்தக் கோட்டைக்கும் ஒரு குண்டுக் கதை உண்டு. 1690-ல் மராத்தியர்களிடமிருந்து கம்பெனி அதை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு எட்டும் தூரம் வரை உள்ள நிலமெல்லாம் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். அப்படிச் சேர்ந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. அங்கே எல்லை போட்டது புத்தகக் கணக்கு அல்ல. குண்டு எங்கே விழுந்ததோ, அதுதான் எல்லை.

115 அடி போன இடம்

ஒஹையோ மனிதர் அடுத்த சில நாட்கள் செய்த வேலையும் ராபின்ஸ் செய்ததுபோலத்தான். மருந்தில் கை வைக்காமல், மற்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றிச் சுட்டுப் பார்த்தார்.

முதலில் குழல். அவருடைய ரிவால்வரின் குழல் 4 அங்குலம். நண்பரிடம் 6 அங்குலக் குழல் ரிவால்வர் இருந்தது. அதே டப்பாத் தோட்டாக்களை அதில் போட்டார். சராசரி 783. மருந்து எரிந்து உண்டாகும் வாயு, குண்டைத் தள்ள இரண்டு அங்குலம் கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான் விஷயம்.

அடுத்தது இடைவெளி. ரிவால்வரில் சுழலும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே நூலிழை அளவு இடம் இருக்கும். இல்லாவிட்டால் சிலிண்டர் சுழலாது. ஒவ்வொரு முறையும் அந்த இடுக்கு வழியாகக் கொஞ்சம் வாயு வெளியேறிவிடும். பல பழைய புத்தகங்களின் எண்களோ, இந்த இடுக்கே இல்லாத, ஒரே துண்டாக அமைந்த நீளமான சோதனைக் குழலில் எடுத்தவை. அது ரிவால்வரே அல்ல. இதே .38 ஸ்பெஷலில் 158 கிரெயின் சாதாரணத் தோட்டாவுக்குத் தொழிற்சாலைகளின் விலைப்பட்டியல் முன்பு 855 அடி என்று போட்டது. பிற்பாடு, இடுக்கு வைத்த 4 அங்குலக் குழலில் அளக்கத் தொடங்கியதும் அது 755 ஆனது. தோட்டாவின் பலம் குறையவில்லை. அளந்த குழல்தான் மாறியது.

மூன்றாவதுதான் அவரையே ஆச்சர்யப்படுத்தியது. .38 ஸ்பெஷல், 1898-ல் கறுப்பு வெடிமருந்துக்காகப் பிறந்த தோட்டா. அந்த மருந்துக்கு இடம் நிறைய வேண்டும். இன்றைய புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைதான் என்பதால், கூட்டுக்குள் பாதிக்கு மேல் காலி. மருந்து உள்ளே அங்குமிங்கும் உருளும். ரிவால்வரை மேலே தூக்கி, மருந்து பிரைமர் பக்கம் சேர்ந்த பிறகு மெதுவாக இறக்கிச் சுட்டபோது சராசரி 781. கீழே சாய்த்து, மருந்து குண்டின் பக்கம் போன பிறகு சுட்டபோது 706. ஒரே மருந்து, ஒரே எடை, ஒரே துப்பாக்கி. பிடித்த விதம் மட்டும் வேறு.

மருந்து எந்தத் தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தது, அன்றைய குளிர் எவ்வளவு என்பதும் கணக்கில் சேரும். பைக் வாங்கும்போது கம்பெனி சொல்லும் மைலேஜ், நம் ஊர் டிராஃபிக்கில் ஏன் வருவதில்லை என்று யோசித்தால் இது சட்டெனப் புரியும். கம்பெனி பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொன்ன சாலையில் நாம் ஓட்டுவதில்லை.

அதற்காகப் புத்தகமே வேண்டாம் என்று தூக்கிப் போட்டால் கை போய்விடும். புத்தகத்தின் வேகம் ஓர் எதிர்பார்ப்பு மட்டும்தான். மருந்தின் அதிகபட்ச அளவு அப்படியில்லை, அது தாண்டக் கூடாத கோடு. வேகம் குறைவாக வந்தால் காரணத்தைத் தேடலாம். புத்தகத்தைவிட அதிகமாக வந்தால் உடனே நிறுத்த வேண்டும். ஏனென்றால் வேகம் சும்மா கிடைப்பதில்லை. எங்கோ அழுத்தமும் ஏறியிருக்கிறது.

நோட்டின் முதல் பக்கம்

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அப்பா ஏன் 860 என்று எழுதினார்?

விடையைக் கண்டுபிடித்தது மகள்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவள், "அப்பா, இதைப் பாருங்க" என்றாள்.

முதல் பக்கத்தில் மட்டும் கட்டங்களுக்குத் தலைப்பு இருந்தது. தேதி. குண்டு. மருந்து. அளவு. கடைசிக் கட்டத்துக்கு மேலே, பென்சிலில், கிட்டத்தட்ட அழிந்துபோன எழுத்தில், 'வேகம் - புத்தகப்படி.'

அப்பாவிடம் குரோனோகிராஃப் இருந்ததே இல்லை. அந்தக் காலத்தில் ஒரு லேத் தொழிலாளியின் சம்பளத்தில் வாங்கக்கூடிய பொருளா அது? தெரியாததைத் தெரிந்ததுபோல அவர் எழுதவில்லை. புத்தகத்திலிருந்து எடுத்தேன் என்று தலைப்பிலேயே சொல்லியிருந்தார். அந்தத் தலைப்பைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தது மகன்தான்.

அவள் இன்னொன்றையும் காட்டினாள். பக்கத்துக்குப் பக்கம், மருந்தின் அளவில் ஓர் எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் அதைவிடச் சின்ன எண்ணை எழுதியிருந்தார். நோட்டு முழுக்க எங்கேயும் பெரிய எண்ணாகத் திருத்தியது இல்லை.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் சின்னப் பையனா இருந்தப்போ, உங்க தாத்தா பக்கத்துலதான் நின்னு சுடுவேன்" என்றார் பிறகு. "என் கை இந்தத் துப்பாக்கி மேல இருக்கும். என் கை மேல அவர் கை இருக்கும்."

அடுத்த சனிக்கிழமை மகள் சுட்டாள். ஆரம்ப அளவு மருந்து, ஐந்தே தோட்டாக்கள். முந்தின ராத்திரி பட்டறையில் டார்ச் அடித்துக் கூடுகளுக்குள் பார்க்கும் வேலையை அவளிடமே விட்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே பார்த்தாள். அவர் குறுக்கே பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்தார். அப்பாவின் 860-ஐ அடிக்கவில்லை. அதற்குக் கீழே, கறுப்பு மையில் எழுதினார்.

745. பத்து தோட்டா சராசரி. 4 அங்குலக் குழல். நவம்பர், குளிர். அளந்தது.

நோட்டை மகளிடம் நீட்டினார். அவள் பேனாவை வாங்கி, இன்று சுட்ட ஐந்து எண்களையும் அதற்குக் கீழே ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினாள்.